பார் எங்கே, பேட்ஜ் யாருக்கு? ஸ்ரீராம்புரத்தைக் கேட்காமல் ஸ்ரீராம்புரத்துக்கு எடுக்கப்படும் முடிவுகள்

ஜூன் 30-ம் தேதி பெங்களூரின் ஸ்ரீராம்புரத்தில் யாருக்கும் விசேஷமான நாள் இல்லை. கர்நாடக கலால் துறைக்கு அது வருஷக் கடைசி. ஜூலை 1-ல் தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30-ல் முடிவதுதான் அந்தத் துறையின் ஆண்டு. பார்களுக்கும், தெரு பாஷையில் ‘எம்.ஆர்.பி. கடை’ எனப்படும் ஒயின் ஷாப்புகளுக்கும் லைசென்ஸ் கட்டணமும் புதுப்பிப்பும் அந்தத் தேதியை ஒட்டித்தான் ஓடும். கட்டணம் கட்டினால் கடை தொடரும். கடைக்கு எதிர் வீட்டில் குடியிருப்பவரிடமோ, பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் ஹெட்மாஸ்டரிடமோ, கார்மென்ட்ஸ் ஷிஃப்ட் முடிந்து ராத்திரி அந்த வழியாக நடந்து வரும் பெண்ணிடமோ, “போன வருஷம் எப்படி இருந்தது, இந்த வருஷமும் இருக்கட்டுமா?” என்று யாரும் கேட்பதில்லை.

அதே தெருவில் இருபது வயது தாண்டிய ஒரு பையன் டாக்ஸி ஓட்ட அனுமதி தரும் ‘பேட்ஜு’க்கு அலைகிறான். அவனைப் பற்றி விசாரிக்க வரும் போலீஸ்காரர் பார்ப்பது ஸ்டேஷன் பதிவேட்டை. பையனைப் பத்து வருஷமாகப் பார்த்துவரும் மளிகைக் கடைக்காரருக்கு அங்கே வேலை இல்லை.

ஒரு பேட்டையின் ராத்திரியை எப்படி நடத்துவது என்பதில் மிகப் பெரிய முடிவுகள் இரண்டு. மதுக்கடை எங்கே இருக்கலாம் என்பது ஒன்று. அந்நியரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போக யாரை அனுமதிக்கலாம் என்பது இன்னொன்று. இரண்டையும் பெங்களூரில் தீர்மானிப்பது யார்? தெருவில் கேட்டால் பாதிப் பேர் ‘கார்ப்பரேஷன்’ என்பார்கள், மீதிப் பேர் ‘கவுன்சிலர் மனசு வைத்தால் நடக்கும்’ என்பார்கள். இரண்டுமே சரியில்லை.

மில் சங்கும் சாராயக் கடையும்

மெஜஸ்டிக்கிலிருந்து ஓகளிபுரம் ரயில் பாலத்தைத் தாண்டி வந்தால் ஸ்ரீராம்புரம். ஒரு பக்கம் மல்லேஸ்வரம், இன்னொரு பக்கம் ராஜாஜிநகர். இரண்டும் அகன்ற சாலையும் மரமும் உள்ள பேட்டைகள். நடுவில் இது ஒண்டுக் குடித்தனமும், ‘வட்டாரம்’ எனப்படும் வரிசை வீடுகளுமாக நெருக்கியடித்து நிற்கிறது. ஸ்பின்னிங் மில்களிலும் ரயில்வேயிலும் கட்டட வேலையிலும் பிழைக்க வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வேரூன்றினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்கள். மில்கள் போய்விட்டன. 2014 மார்ச் 1-ல் மெட்ரோ வந்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவும், புதுப் படம் வந்தால் கட்-அவுட்டும், வீட்டுக்குள் தமிழும் வாசலில் கன்னடமும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

மில் இருந்த காலத்தில் சாராயக் கடை இருந்தது. கர்நாடகத்தில் சாராயத்துக்குத் தடை வந்தது 2007 ஜூலை 1-ல். கவனியுங்கள், அதுவும் கலால் ஆண்டின் முதல் நாள்தான். சாராயம் போன பிறகு குடி போய்விடவில்லை. காகிதப் பாக்கெட்டில் அடைத்த மலிவு விஸ்கியும் பிராந்தியும் அந்த இடத்துக்கு வந்தன. அவற்றை விற்பது எம்.ஆர்.பி. கடை. ஆக, உழைக்கும் ஜனங்கள் நெருங்கி வாழும் பேட்டையில் எம்.ஆர்.பி. கடை எந்த மூலையில் வருகிறது என்பது வெறும் வியாபாரச் சமாச்சாரமாக இல்லாமல், வாரக் கூலி வீடு வந்து சேருமா என்ற சமாச்சாரமாகவும் ஆனது.

1992-ல் பூட்டிய கதவு

கர்நாடகத்தில் மதுபான லைசென்ஸ்களை எண்ணால்தான் அழைப்பார்கள். சி.எல்.-2 என்றால் பாட்டில் வாங்கிக்கொண்டு போகும் சில்லறைக் கடை. சி.எல்.-4 கிளப். சி.எல்.-7 தங்கும் அறைகள் உள்ள ஹோட்டல். சி.எல்.-9 நாம் ‘பார் அண்ட் ரெஸ்டாரன்ட்’ என்று பலகையில் படிப்பது. 1965-ம் ஆண்டின் கர்நாடக கலால் சட்டமும், அதன் கீழ் 1968-ல் வந்த விற்பனை விதிகளும் வகுத்த பிரிவுகள் இவை. முடிவு எடுப்பவர்கள் மாவட்ட நிர்வாகமும் கலால் துறை அதிகாரிகளும். மேலே கலால் ஆணையர். முடிவு பிடிக்கவில்லை என்றால் கர்நாடக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் மாமன்றம் இல்லை.

இதில் ஒரு விசித்திரம். 1992-லிருந்து கர்நாடகத்தில் புதிதாக சி.எல்.-2, சி.எல்.-9 லைசென்ஸ்கள் வழங்குவதை நிறுத்தி வைத்திருந்தார்கள். 1991 மக்கள்தொகைக் கணக்கில் பெங்களூரு நகரத் தொகுதியில் சுமார் 41 லட்சம் பேர்; 2011-ல் சுமார் 85 லட்சம். ஊர் இரண்டு மடங்கானது, பார் லைசென்ஸ் எண்ணிக்கை உறைந்து நின்றது. அப்படியென்றால் ஸ்ரீராம்புரத்தில் புது பார் எதுவும் முளைத்திருக்கக் கூடாதே? முளைக்கும். எப்படி என்றால், லைசென்ஸ் இடம் பெயரும். ஒரு பேட்டையில் இருந்த கடையை இன்னொரு பேட்டைக்கு மாற்ற விதிகளில் வழி உண்டு. வியாபாரிகள் வாயில் அதற்கு ‘ஷிஃப்டிங்’ என்று பெயர். ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் கட்டணத்தோடு வழி உண்டு. காகிதத்தில் பழைய லைசென்ஸ், தெருவில் புத்தம் புதிய பார். ‘புது லைசென்ஸே கொடுக்கவில்லை’ என்று அரசாங்கம் சொல்வதும் உண்மை, ‘நேற்றுவரை இங்கே கடை இல்லையே’ என்று தெருக்காரர் சொல்வதும் உண்மை.

புதிதாகக் கிடைக்காத பொருளுக்கு விலை ஏறும். அந்தப் பழைய லைசென்ஸ்கள் கோடிகளில் கைமாறும் சொத்தாயின. இன்னொரு பக்கம் சி.எல்.-7 வாசல் திறந்தே இருந்தது. மாடியில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அறைகள் கட்டி லாட்ஜ் என்று காட்டினால் கீழே பார் நடத்தலாம். அறைகளில் யார் தங்குகிறார்கள் என்பது வேறு கதை. முன்கதவைப் பூட்டிப் பக்கவாசலைத் திறந்து வைத்த இந்த ஏற்பாட்டைக் கொள்கை என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

மது வியாபாரம் செய்வது அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபரில் சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பும் கர்நாடகத்திலிருந்து போன வழக்கில்தான் வந்தது: கோடே டிஸ்டில்லரீஸ் எதிர் கர்நாடக அரசு. அரசு நினைத்தால் கொடுக்கலாம், மறுக்கலாம், கட்டுப்படுத்தலாம். இவ்வளவு அதிகாரம் கையில் இருக்கும் அரசுக்கு, 2025-26 பட்ஜெட்டில் கலால் வருமான இலக்கு 40,000 கோடி ரூபாய். அனுமதி கொடுக்கிற கையும் வசூல் செய்கிற கையும் ஒன்றாக இருக்கும்போது, தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை.

நூறு மீட்டரை எப்படி அளப்பது?

இடம் சம்பந்தமாக விதியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1967-ம் ஆண்டின் கலால் உரிமங்கள் (பொது நிபந்தனைகள்) விதிகளில் ஐந்தாவது விதி, ஸ்ரீராம்புரத்துக்காகவே எழுதியது போல இருக்கும். கோயில், மசூதி, சர்ச் போன்ற வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனம், மருத்துவமனை, மத்திய மாநில அரசு அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் மதுக்கடைக்கு உரிமம் கூடாது. தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் இந்தத் தூரம் 50 மீட்டர்தான். அந்த வகையில் கர்நாடகம் கறாரானது.

நூறு மீட்டரைக் காக்கை பறக்கும் நேர்கோட்டில் அளப்பதில்லை. கடை வாசலின் நடுவிலிருந்து, நடந்து போகிறவர் வழக்கமாகப் போகும் மிக அருகாமைப் பாதை வழியாக, பள்ளியின் அல்லது கோயிலின் கேட் நடுவரை அளக்க வேண்டும். சந்தும் முட்டுச்சந்துமான ஸ்ரீராம்புரத்தில் இதன் பொருள் என்ன? கண்ணுக்கு எதிரே தெரியும் பள்ளிக்கூடம் காகிதத்தில் நூறு மீட்டரைத் தாண்டிப் போய்விடலாம். சுற்றுச்சுவரில் எந்தப் பக்கம் கேட் இருக்கிறது என்பதே ஒரு கடையின் தலையெழுத்தை மாற்றும். கலால் இன்ஸ்பெக்டர் வந்து, மகஜர் எழுதி, வரைபடம் போட்டு, தூரத்தைக் குறிப்பார். உயர் நீதிமன்றத்துக்குப் போகும் மதுக்கடை வழக்குகளில் கணிசமானவை இந்த நாடா பிடித்த கதைகள்தான். டேப் பிடிக்கும்போது பள்ளிக்கூடத்துக்காரர் யாராவது பக்கத்தில் நின்றால் எவ்வளவோ வழக்குகள் மிச்சமாகும்.

அதே விதியில் இன்னொரு வரி உண்டு. பெரும்பான்மையாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் குடியிருக்கும் பகுதியில் மதுக்கடைக்கு உரிமம் தரக் கூடாது. அதை எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்க வேண்டும். ஏழைகளின் கூலியைக் குறிவைத்துச் சேரி வாசலில் கடை போடும் பழக்கத்தைத் தடுக்க வேறு வழி அவர்களுக்குத் தோன்றியிருக்காது. இருந்தாலும் இது என்னை உறுத்துகிறது. ‘குடியிருப்புப் பகுதி’ என்பதன் எல்லை எது? ஒரு தெருவா, வார்டா, குடிசை மாற்று வாரியம் அறிவித்த இடமா? தலித் குடும்பங்கள் நிறைந்த தெருக்கள் பல கொண்ட ஸ்ரீராம்புரத்தில், குடியிருப்புக்குள் கடை கூடாது. குடியிருப்பு முடிந்து மெயின் ரோடு தொடங்கும் முனையில் கூடும். நடக்க வேண்டியது நாற்பது அடி. மேலும், இந்த விதி தலித் மக்களைக் காப்பாற்ற வேண்டிய பொருளாக மட்டும் பார்க்கிறது. கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டிய ஆட்களாக அது பார்க்கவில்லை. “உங்கள் பகுதியில் கடை வேண்டுமா?” என்று அந்தப் பெண்களிடம் கேட்டிருந்தால், விதி இன்னும் கடுமையாகவே வந்திருக்கும்.

நெடுஞ்சாலை விஷயம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த தமிழ்நாட்டு வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-ல் உத்தரவிட்டது. 2017 ஜூலையில் பெங்களூரின் எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு பார்களும் கதவடைத்தன. அதே மாதம், நகராட்சி எல்லைக்குள் வரும் சாலைகளை அந்த உத்தரவு கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. பணக்காரத் தெருவில் பார் மூடினால் பத்திரிகையில் முதல் பக்கம் வருகிறது, பதில் பத்தே நாளில் கிடைக்கிறது.

சுகாதார அதிகாரியின் தாள்

அப்படியானால் மாநகராட்சிக்கு வேலையே இல்லையா? உண்டு. பாரோ, பிரியாணிக் கடையோ, சலூனோ, டிரேட் லைசென்ஸ் என்ற தொழில் உரிமத்தை மாநகராட்சியின் சுகாதார அதிகாரி கொடுக்க வேண்டும். கட்டடம் வணிகத்துக்கு ஏற்றதா, சாலை போதிய அகலமா, கழிவுநீர் எங்கே போகிறது என்பதெல்லாம் அங்கே பார்க்க வேண்டியவை. மேடையில் பாட்டு, நடனம் என்றால் போலீஸ் கமிஷனரின் தனி உரிமம். அதற்கான 2005-ம் ஆண்டு உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் உறுதி செய்தது.

இத்தனை தாளும் சேர்ந்து என்ன காப்பாற்றின? 2018 ஜனவரி 8 அதிகாலையில், ஸ்ரீராம்புரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கலாசிபாளையத்தில் கைலாஷ் பார் அண்ட் ரெஸ்டாரன்ட் எரிந்தது. கடை மூடிய பிறகு உள்ளேயே படுத்துத் தூங்கிய ஊழியர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். மும்பையில் கமலா மில்ஸ் வளாகத்தில் தீப்பிடித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை அப்போது. அதன் பிறகு மாநகராட்சி ஊரெங்கும் பப்புகளுக்கும் பார்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. பார் ஊழியர்கள் ராத்திரி கடைக்குள்ளேயே பூட்டிக்கொண்டு தூங்குவது அந்தத் தெருவில் இருக்கும் டீக்கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. எந்தப் படிவமும் டீக்கடைக்காரரைக் கேட்பதில்லை.

இப்போது கவுன்சிலர் விஷயத்துக்கு வருவோம். சட்டத்தில் அவருக்கு மதுக்கடை அதிகாரம் இல்லாவிட்டாலும், பேட்டையில் அவர் சொல்லுக்கு ஒரு எடை இருந்தது. பெண்கள் திரண்டு போய், “அண்ணா, அந்தக் கடையைக் கொஞ்சம் பாருங்க” என்றால், அவர் டி.சி. எனப்படும் மாவட்ட ஆட்சியரின் ஆபீஸுக்கு ஒரு கடிதமாவது எழுதுவார். எழுதாவிட்டால் அடுத்த தேர்தலில் கேள்வி வரும். பெங்களூரின் பழைய மாநகராட்சிக்குத் தேர்தல் கடைசியாக நடந்தது 2015 ஆகஸ்டில், 198 வார்டுகளுக்கு. அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10-ல் முடிந்தது. பிறகு அதிகாரிகளின் ஆட்சி. 2025 செப்டம்பர் 2-ல் பழைய மாநகராட்சி கலைந்து, கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் அதன் கீழ் ஐந்து மாநகராட்சிகளும் பிறந்தன. அந்த ஐந்தும் பிறக்கும்போது ஒரு கவுன்சிலர்கூட இல்லை. முழுதாக ஐந்து வருஷம், ஸ்ரீராம்புரத்துப் பெண்கள் திரண்டு போக ஒரு வாசலே இல்லாமல் கழிந்தது. இந்த இடைவெளியில்தான், 2024-ல், பெங்களூரு பார்களின் நேரம் ராத்திரி ஒரு மணிவரை நீண்டது. இந்திராநகர், கோரமங்களா வாசிகள் பப் இரைச்சலை எதிர்த்து உயர் நீதிமன்றம்வரை போகிறார்கள். வட்டாரத்தில் குடியிருப்பவர் வக்கீலுக்குக் கொடுக்கும் காசில் மூன்று மாத வாடகை போய்விடும்.

பேட்ஜும் விலாசமும்

டாக்ஸி விஷயம் வேறு மாதிரி. இங்கே அதிகாரம் ஆர்.டி.ஓ.விடம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி வாடகை வண்டி ஓட்ட வயது 20 நிறைந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனையை 2019-ல் எடுத்துவிட்டார்கள்; மில் மூடிய பிறகு பள்ளிக்கூடத்தை விட்ட பல குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். முகுந்த் தேவாங்கன் வழக்கில் 2017 ஜூலை 3-ல் வந்த தீர்ப்பு இன்னொரு கதவைத் திறந்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி என்றால், கார் லைசென்ஸே வாடகைக் காருக்கும் போதும் என்றது உச்ச நீதிமன்றம். 2024 நவம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. ஆனால் தெருவில் ‘பேட்ஜ் இருக்கா?’ என்ற கேள்வி ஓயவில்லை. ஆப் கம்பெனியும் கேட்கிறது, வண்டி கொடுக்கும் ஓனரும் கேட்கிறார்.

மறுக்கும் அதிகாரமும் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. வழக்கமான குற்றவாளி, வழக்கமான குடிகாரர் என்று கண்டால் லைசென்ஸைப் பறிக்கலாம் என்கிறது 19-வது பிரிவு. லைசென்ஸ் மறுக்கப்பட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு என்கிறது 17-வது பிரிவு. ஆனால் ‘இவர் தகுதியானவர்தானா’ என்று ஆளை உட்காரவைத்துக் கேட்கும் மேசை எங்கும் இல்லை. போலீஸ் சரிபார்ப்புச் சான்று வந்ததா, முடிந்தது.

2014 டிசம்பர் 5 இரவு தில்லியில் ஆப் டாக்ஸியில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு நாடே அந்தச் சான்றைப் பற்றிப் பேசியது. அந்த ஓட்டுநர் மீது ஏற்கெனவே வழக்குகள் இருந்தன. நன்னடத்தைச் சான்று இருந்தது, அது போலி. கர்நாடகம் 2016 ஏப்ரலில் தனி விதிகளைக் கொண்டுவந்தது: ஓலா, உபர் போன்ற நிறுவனங்களுக்கு உரிமம் கட்டாயம், ஓட்டுநர் குறைந்தது இரண்டு ஆண்டு கர்நாடகத்தில் குடியிருந்தவராக இருக்க வேண்டும், கன்னடமும் இன்னொரு மொழியும் புழங்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கன்னடம் என்ற நிபந்தனை ஸ்ரீராம்புரத்துப் பையனுக்குப் பாரமே இல்லை. கன்னடத்தில் சண்டை போட்டு, தமிழில் சமாதானம் ஆகிறவன் அவன். இடறுவது விலாசம். வட்டாரத்து ஒற்றை அறைக்கு வாடகைப் பத்திரம் எழுதித் தரும் வீட்டுக்காரர் அபூர்வம். போச்சம்பள்ளியிலிருந்து மாமா வீட்டுக்கு வந்து தங்கிப் பிழைப்பவனுக்கு இரண்டு வருஷக் குடியிருப்பை நிரூபிக்க ஒரு கரன்ட் பில்கூட இருக்காது. இத்தோடு ஸ்ரீராம்புரம் என்ற விலாசத்துக்குச் செய்தித்தாளின் குற்றப் பக்கம் வாங்கிக் கொடுத்த பழைய பெயர் ஒன்று உண்டு. தெருச் சண்டையில் நூறு பேரோடு பெயர் சேர்ந்து, விடுதலையும் ஆகிவிட்ட ஒருவனுக்குப் பத்து வருஷம் கழித்துச் சான்று கேட்கப் போகும்போது கை நடுங்கும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோதும், 2016 செப்டம்பர் 12-ல் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்தபோதும் இந்தப் பேட்டைத் தமிழர்கள் பட்ட பயம், ‘எந்த ஊர்?’ என்ற சாதாரணக் கேள்வியைக்கூடச் சாதாரணமாக இல்லாமல் ஆக்கிவிட்டது.

ஆட்டோவின் மீட்டர் கட்டணத்தைத் தீர்மானிப்பதும் இதே கதைதான். 2025 ஆகஸ்ட் 1 முதல் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 என்று அறிவித்தது பெங்களூரு நகர மாவட்டத்தின் டி.சி. தலைமையிலான போக்குவரத்து ஆணையம். அதிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு இடம் இல்லை.

நீலத் தாள்

இதையே வேறு விதமாகச் செய்யும் ஊர்களும் உண்டு. லண்டன் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ ஒரு யாழ்ப்பாணத் தமிழர் தம் கடையில் பியர் விற்க ஆசைப்பட்டால் என்ன செய்கிறார்? உள்ளூர் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கிறார். விண்ணப்பித்த விவரத்தை வெளிர்நீலத் தாளில் அச்சிட்டு, கடை வாசலில் 28 நாள் ஒட்ட வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம். அந்த நாட்களுக்குள் பக்கத்து வீட்டுக்காரர், போலீஸ், சுகாதாரத் துறை என யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். ஆட்சேபணை வந்தால் மூன்று கவுன்சிலர்கள் உட்கார்ந்து இரு தரப்பையும் கேட்பார்கள். நூற்றாண்டுக் கணக்கில் மாஜிஸ்திரேட்டுகள் கையில் இருந்த இந்த அதிகாரத்தை 2003-ம் ஆண்டின் உரிமச் சட்டம் கவுன்சில்களுக்கு மாற்றியது. 2005 நவம்பர் 24 முதல் நடைமுறை. ‘எனக்குக் குடி பிடிக்காது’ என்பதோ ‘என் வியாபாரம் படுத்துவிடும்’ என்பதோ அங்கே ஆட்சேபணை ஆகாது. குற்றமும் ஒழுங்கீனமும், பொதுப் பாதுகாப்பு, அண்டை அயலாருக்குத் தொந்தரவு, குழந்தைகளின் நலன் என நான்கு காரணங்களுக்குள் பேச வேண்டும். கடையை மறுக்கலாம், பத்து மணிக்கு மூடு, வாசலில் கேமரா வை என்று நிபந்தனையும் போடலாம்.

டாக்ஸி ஓட்டுநர் உரிமமும் லண்டனுக்கு வெளியே கவுன்சில்கள் கையில்தான். பழைய வழக்கு உள்ள ஒருவர் விண்ணப்பித்தால் கமிட்டி முன் வந்து தன் பக்கத்தைச் சொல்லலாம். இருபது வயதில் செய்த தவறுக்கு நாற்பதில் விளக்கம் சொல்ல ஒரு நாற்காலி உண்டு. மறுத்தால் கோர்ட்டுக்குப் போகலாம்.

இதைப் படித்துவிட்டு ‘ஆகா’ என்று கைதட்டுவதற்கு முன் ராதர்ஹாம் என்ற ஊரின் கதையைக் கேட்க வேண்டும். 1997 முதல் 2013 வரை அங்கே சுமார் 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாக 2014 ஆகஸ்டில் அலெக்சிஸ் ஜே அறிக்கை மதிப்பிட்டது. அதில் டாக்ஸி ஓட்டுநர்கள் சிலரின் பங்கு வெளிப்பட்டது. கவுன்சில் இருந்தது, உரிமக் கமிட்டி இருந்தது, கண்மூடித்தனமும் இருந்தது. 2015 பிப்ரவரியில் லூயிஸ் கேசி அறிக்கை வந்த பின் மத்திய அரசு கவுன்சிலின் அதிகாரங்களையே எடுத்து ஆணையர்களிடம் கொடுத்தது. ஓட்டுப் போட்டவரும் ஓட்டு வாங்கியவரும் ஓட்டுநரும் ஒரே ஊர் என்றால் தாட்சண்யம் பார்க்கும் ஆபத்து உண்டு. ஸ்ரீராம்புரத்தில் அந்த ஆபத்து குறைவு என்று நான் சொல்ல மாட்டேன்.

தெருவின் குரல் எப்போதும் நியாயத்தின் குரலாக இருக்கும் என்றும் இல்லை. ஓட்டுநர் பேட்ஜைத் தெருக்காரர்கள் ஓட்டுக்கு விட்டால், சாதியும் மொழியும் முதலில் கை தூக்கும். அதனால் என் கட்சி இது: ஆளுக்குக் கொடுக்கும் உரிமத்தில் தெரு நுழையக் கூடாது, அங்கே வேண்டியது காரணம் சொல்லி மறுக்கும் அதிகாரியும், பதில் சொல்ல ஒரு நாற்காலியும். இடத்துக்குக் கொடுக்கும் உரிமத்தில் தெரு இல்லாமல் முடிவே எடுக்கக் கூடாது. இப்போது பெங்களூரில் இரண்டும் ஒரே மாதிரி மூடிய அறையில் நடக்கின்றன.

படுத்த பாட்டில், நின்ற பாட்டில்

தெருவைக் கேட்பது இந்தியாவில் முடியாத காரியம் என்பவர்கள் மகாராஷ்டிரத்தைப் பார்க்கலாம். 2008-ம் ஆண்டின் உத்தரவுப்படி, ஒரு கிராமத்திலோ வார்டிலோ பெண் வாக்காளர்களில் 25 சதவீதம் பேர் கையெழுத்திட்டுக் கேட்டால், கடையை மூடலாமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்று வாக்குச் சீட்டில் இரண்டு படங்கள்: கடை இருக்கட்டும் என்றால் நிற்கும் பாட்டில், மூட வேண்டும் என்றால் படுத்த பாட்டில். பாதிக்கு மேல் பெண்கள் பாட்டிலைப் படுக்கவைத்தால் கடைக்குப் பூட்டு. கேரளத்தில் மதுக்கடைக்கு உள்ளாட்சியின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற விதி இருந்தது. 2017-ல் அவசரச் சட்டம் போட்டு அதை நீக்கினார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனையே அரசின் டாஸ்மாக் கையில். கிராம சபைகள் தீர்மானம் போட்டபடி இருக்கின்றன, கடைகள் இருந்தபடி இருக்கின்றன.

கர்நாடகத்தில் 1992-ன் பூட்டைத் திறக்கும் பேச்சு வந்துவிட்டது. மதுபான லைசென்ஸ்களை வெளிப்படையான மின் ஏலத்தில் விடுவதாக 2025-26 பட்ஜெட்டில் முதல்வர் சித்தராமையா அறிவித்தார். வெளிப்படை என்பது விலைக்கு. அதிக விலை கேட்டவருக்கு லைசென்ஸ் போகும். அவ்வளவு பணம் போட்டவர் அதை எந்த இடத்தில் போட்டால் சீக்கிரம் எடுக்கலாம் என்று பார்ப்பார். கூலிக்காரர் நெருக்கமாக வாழும், மெட்ரோ நிறுத்தம் உள்ள, வழக்குப் போட ஆள் இல்லாத பேட்டை எது என்று அவருக்கு வரைபடம் தேவைப்படாது.

தெருவைக் கேட்கும் விதி வரும்வரை ஸ்ரீராம்புரத்துக்காரர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. ஒரு கட்டடத்தில் திடீரெனக் கவுண்டர் கட்டும் வேலை நடந்தால், பலகை ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். கலால் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கட்டணம் பத்து ரூபாய். அந்த விலாசத்துக்கு ஷிஃப்டிங் விண்ணப்பம் உண்டா, எந்த லைசென்ஸ் எண், எங்கிருந்து வருகிறது, தல மகஜரின் நகல், தூரம் குறித்த வரைபடத்தின் நகல், அளந்த தேதி. இத்தனையும் கேட்கலாம். வரைபடம் வந்ததும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கடை வாசல் நடுவிலிருந்து பள்ளிக்கூட கேட் நடுவரை, நடக்கும் பாதையிலேயே அளந்து பாருங்கள். ஆட்சேபணையை எழுத்தில் டி.சி. ஆபீஸில் கொடுத்து, சீல் வைத்த பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால், வக்கீல் முதலில் கேட்பது அந்த சீலைத்தான்.